உபசாரப் பாடம்

"குற்றாலிங்கம். ஐம்பத்தைந்து கிலோ இருநூறு. நேற்றைவிட முந்நூறு கிராம் குறைவு" என்று சாப்பாட்டுக்கூடத்தின் கதவு ஊருக்கே கேட்கும்படி அறிவித்தது.

யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஆழிப்பாளையத்தில் கதவுகள் அப்படித்தான். உள்ளே வருகிறவரின் எடையைப் பூமிக் கணக்கில் போட்டு, கூடியதா குறைந்ததா என்று சொல்லிவிட்டுத்தான் வழிவிடும். யூரோப்பா என்ற நிலவின் பனி ஓட்டுக்குள் குடைந்து கட்டிய ஊர் அது. வெயில் கிடையாது, மழை கிடையாது, ஊர்வம்பு பேசக்கூட விஷயம் கிடையாது. அடுத்தவன் எடை அங்கே பொதுச் செய்தி.

லிங்கம் பெஞ்சில் உட்கார்ந்தான். பரிமாறி வந்து நின்றது. ஆள் உயர இயந்திரம். நான்கு கை, ஒரு வாளி, ஒரு கரண்டி. வாளிக்குள் ஊறல் இருந்தது. பூஞ்சையைத் தொட்டியில் வளர்த்து, அரைத்து, மூன்று நாள் ஊறவைத்துச் சுட வைப்பது. சாம்பல் நிறம். தட்டில் விழுந்ததும் கொஞ்ச நேரம் நடுங்கும். நனைந்த சாக்கு வாடை. உப்பு இல்லை, உறைப்பு இல்லை. ஆனால் ஒரு மனுஷனுக்கு வேண்டிய அத்தனை சத்தும் அதில் உண்டு, வேறு எதிலும் இல்லை. அந்த ஊரில் சாப்பாடு என்றால் அது ஒன்றுதான்.

"ஊறல் வைக்கவா?" என்று கேட்டது பரிமாறி.

"இருக்கட்டும், வேண்டாம்" என்றான் லிங்கம்.

பரிமாறி அடுத்த ஆளிடம் போய்விட்டது. லிங்கம் அது போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தான். பூமியிலிருந்து படிக்க வந்தவன் அவன். திரும்பி வரும் என்று முப்பத்தோராவது நாளாக எதிர்பார்த்தான். முப்பத்தோராவது நாளாக அது வரவில்லை. தலைசுற்றி விழப்போகும்போதெல்லாம் மருத்துவ அறையில் ஒரு சத்து ஊசி போடுவார்கள், முந்தின நாள் சாயங்காலமும் போட்டிருந்தார்கள். அந்தத் தெம்பில்தான் வகுப்புக்குப் போனான்.

அறையில் கூட இருப்பவன் பெயர் சவரிமுத்து. அவனுடைய கொள்ளுத்தாத்தாவின் அப்பா தூத்துக்குடிப் பக்கமிருந்து பனி வெட்டும் வேலைக்கு வந்தவர். ஆழிப்பாளையத்தில் முக்கால்வாசிப் பேர் அப்படி வந்தவர்களின் வம்சம். ஆகவே பாஷை தமிழ், பள்ளிக்கூடம் தமிழ், கல்லூரியும் தமிழ். மற்றதெல்லாம் வேறு.

"பசிக்கலியா?" என்றான் சவரி.

"பசிக்குதுல. குடலே எரியுது."

"பரிமாறி கேட்டுதே."

"ஒரே ஒரு தடவைதானல கேட்டுது!"

சவரிக்குப் புரியவில்லை. "எத்தனை தடவை கேக்கணும்?"

தென்காசிப் பக்கத்தில் இலஞ்சிதான் லிங்கத்துக்கு ஊர். அங்கே ஒருவர் வீட்டுக்குப் போனால் முதலில் 'சாப்பிட்டுத்தான் வந்தேன்' என்று சொல்ல வேண்டும், வயிறு ஒட்டிக்கிடந்தாலும். அவர்கள் 'அதெல்லாம் முடியாது' என்பார்கள். இவன் 'ஐயோ, வேண்டவே வேண்டாம்' என்று எழுந்திருக்க வேண்டும். அவர்கள் தோளைப் பிடித்து அமுக்கி உட்கார வைப்பார்கள். கல்யாணப் பந்தியில் இலையை இரண்டு கையாலும் மறைப்பார்கள். மறைத்த கை மேலேயே பாயசத்தை ஊற்றுவார்கள். முதல் தடவை கேட்டதும் 'வைங்க' என்று சொல்கிறவனைச் சாப்பாட்டுக்கு அலைகிறவன் என்பார்கள். லிங்கம் நல்ல வளர்ப்பு. அந்த வளர்ப்புதான் இப்போது அவனைப் பட்டினி போட்டுக்கொண்டிருந்தது.

சிரிக்காதீர்கள். அவன் முயற்சி பண்ணாமல் இல்லை. பத்தொன்பதாம் நாள் கண்ணாடி முன்னால் நின்று 'வைங்க, வைங்க' என்று இருபது தடவை சொல்லிப் பழகினான். கூடத்துக்குப் போனான். பரிமாறி கேட்டது. வாய் தானாக 'பரவால்ல, இருக்கட்டும்' என்றது. மூன்றாம் நாள் ஒருமுறை தலையாட்டி வைத்துக்கொண்டதும் உண்டு. ஒரு கவளம் தின்றதும் அந்த வாடை தொண்டையில் ஏறி 'போதும்' என்றுவிட்டான். பரிமாறி தட்டை எடுத்துக்கொண்டு போயே போய்விட்டது. 'இன்னும் ரெண்டு வாய், கண்ணை மூடிட்டு முழுங்கிடு' என்று யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவன் முழுங்கியிருப்பான். சொல்லத்தான் ஆளில்லை.

ஆழிப்பாளையத்தின் மேல் கோபப்பட்டும் பிரயோஜனமில்லை. குடியேறிய நாலாவது வருஷம் அங்கே பூஞ்சைத் தொட்டிகள் அழுகிப்போய்ப் பெரிய பஞ்சம் வந்தது. வாய் உள்ளவர்கள் இரண்டு தடவை வாங்கித் தின்றார்கள். அதிகாரம் உள்ளவர்கள் 'அவர் வேண்டாம்னு சொல்லிட்டார்' என்று இயந்திரத்தில் பதிந்து அடுத்தவர் பங்கையும் தின்றார்கள். ஊரில் பாதிப்பேர் செத்தார்கள். மிஞ்சியவர்கள் இரண்டு சட்டம் போட்டார்கள். ஒன்று: இயந்திரம் ஒரு தடவைதான் கேட்கும், சொன்ன சொல்லே முடிவு. இரண்டு: ஒருவர் சொன்ன பதிலை இன்னொரு மனிதர் மாற்ற முடியாது, அந்த அதிகாரம் எந்த அலுவலருக்கும் இல்லை. அன்றிலிருந்து அங்கே யாரும் யாரையும் இரண்டாம் தடவை கேட்பதில்லை. சாப்பாட்டுக்கு மட்டுமில்லை, எதற்குமே.

அம்மாவிடமிருந்து தினம் செய்தி வரும். "யய்யா, சாப்பிட்டியா? அங்க சாப்பாடு ஒத்துக்குதா? மெலிஞ்சு தெரியுதியே." ஒளிவேகத்தில் வந்தாலும் முக்கால் மணி நேரம் பழசான கேள்வி. "நல்லா சாப்பிடுதேம்மா" என்று பதில் அனுப்புவான். அதுவும் முக்கால் மணி நேரம் பயணம் பண்ணிப் போய், அங்கே ஒரு தாயை நிம்மதியாகத் தூங்க வைக்கும்.

எடை ஐம்பத்துநான்குக்குக் கீழே இறங்கினால் மாணவனை அடுத்த கப்பலில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஒருமுறை திரும்பியவனுக்கு மறுபடி இடமில்லை. லிங்கத்துக்கு அதுதான் பயம். பனிக்கு அடியில், அந்த ஊருக்கும் கீழே, ஒரு கடல் இருக்கிறது. மனுஷன் அங்கே கால் வைப்பதற்கு முன்பே அதில் உயிர்கள் நீந்திக்கொண்டிருந்தன. இரண்டாம் வருஷ மாணவர்களை அந்தக் கடலுக்குள் இறக்குவார்கள். பதினோரு வயதில் அதைப் படத்தில் பார்த்ததிலிருந்து அவனுக்கு வேறு ஆசையே கிடையாது. மூன்று தடவை நுழைவுத் தேர்வு எழுதித்தான் இந்த இடம் கிடைத்தது.

ஐம்பத்துநான்கு கிலோ நூறு என்று கதவு சொன்ன அன்று, மாணவர் நல அலுவலர் எஸ்தர் அவனைக் கூப்பிட்டு அனுப்பினாள். ஐம்பது வயதுக்காரி, அளந்து பேசுகிறவள்.

"நாலு வருஷமா பூமியிலிருந்து வருஷத்துக்கு ஒருத்தர் வராங்க. நாலு பேரும் மெலிஞ்சு திரும்பிட்டாங்க. நீ அஞ்சாவது. என்ன குறை?"

"குறையெல்லாம் ஒண்ணுமில்லை மேடம்."

"சரி, போகலாம்" என்றாள் எஸ்தர். அவன் ஒரு தடவை சொன்னது அவளுக்குப் போதும்.

லிங்கத்துக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வாசல்வரை போனவன் திரும்பினான். "மேடம், யாருமே சாப்பிடச் சொல்ல மாட்டேங்காங்க மேடம்" என்று விம்மிக்கொண்டே எல்லாவற்றையும் கொட்டினான். இலை, பாயசம், தோளை அமுக்குவது, எல்லாம். எஸ்தர் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டாள். நாலு வருஷ மர்மம் அவிழ்ந்த சந்தோஷம் அவளுக்கு.

"இதைப் பரிமாறிக்குச் சொல்லிக்கொடுக்க முடியுமா?"

"எதை மேடம்?"

"இந்த... அமுக்குறதை."

ஆழிப்பாளையத்தின் இயந்திரங்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே மூளை. அதைப் பொதுமூளை என்பார்கள். அதற்குக் கட்டளை போட முடியாது, பாடம்தான் சொல்லித்தர முடியும். பாடம் என்றால் நடந்த சம்பவம். இன்னார் இப்படிக் கேட்டார், இன்னார் இப்படிச் சொன்னார், கடைசியில் இது நடந்தது என்று சொன்னால் மிச்சத்தை அதுவே புரிந்துகொள்ளும். ஊர்ச்சபை கூடியது. மாணவர் நலனுக்காக என்பதால் முதல் சட்டத்தை மட்டும் தளர்த்த அனுமதி கிடைத்தது.

எட்டு நாள், தினம் ஒரு ஊசியில் எடை இறங்காமல் பார்த்துக்கொண்டு, லிங்கம் பரிமாறியோடு உட்கார்ந்தான். அவன் வாழ்க்கையிலேயே அவ்வளவு பெருமையாக எதையும் செய்ததில்லை. இலஞ்சியில் தான் பார்த்த பந்திகளை ஒவ்வொன்றாகச் சொன்னான்.

"முதல் 'வேண்டாம்' மரியாதைக்கு" என்றான்.

"புரிகிறது. இரண்டாவது?" என்றது பரிமாறி.

"அது கூச்சம்."

"மூன்றாவது?"

"அதுக்குப் பிறகு கேக்கவே கூடாது. வச்சிரணும்."

"அவர் கோபப்பட்டால்?"

"சும்மா கோவம். உள்ளூர சந்தோசமாத்தான் இருக்கும். கத்தினா சிரிக்கணும். கையால மறைச்சா கை மேலயே ஊத்தணும். எந்திரிச்சா தோளைப் பிடிச்சு உக்கார வைக்கணும். குரல் மட்டும் எங்கம்மா குரல் மாதிரி இருக்கணும், பாத்துக்கோ."

அம்மாவின் செய்திகளைப் போட்டுக் காட்டினான். இயந்திரம் அந்தக் குரலையும் எடுத்துக்கொண்டது.

ஒன்பதாம் நாள் காலை. "ஊறல் வைக்கட்டுமா?" "இல்லை, வேண்டாம்." "அட, கூச்சப்படாதீங்க தம்பி. ஒரு வாய்." "ஐயோ, வேண்டாம்." "நமக்குள்ள என்ன, சாப்பிடுங்க." கரண்டி இறங்கியது. லிங்கம் அழுதுகொண்டே சாப்பிட்டான். அதே சாக்கு வாடைதான். ஆனால் இப்போது இறங்கியது. நாலு நாளில் அந்த வாடை மறந்துபோயிற்று. பத்து நாளில் அதற்குள் ஒரு புளிப்பும், அந்தப் புளிப்புக்கு அடியில் ஒரு தித்திப்பும் இருப்பதைக் கண்டுபிடித்தான். எந்த ஊர் சாப்பாடும் முதலில் நாக்கில் இறங்குவதில்லை, காதில்தான் இறங்குகிறது.

அவனைவிட உள்ளூர்க்காரர்கள்தான் ஆடிப்போனார்கள். பனி வெட்டும் ஒரு பெண், வழக்கம்போல 'போதும்' என்று சொன்னவள், தோளில் ஒரு கை விழுந்து 'இன்னும் கொஞ்சம் சாப்பிடும்மா, என்னத்தைச் சாப்பிட்டே' என்று கேட்டதும் தட்டின் மேல் குனிந்து தேம்பித் தேம்பி அழுதாள். பிறந்ததிலிருந்து அவளிடம் எதையும் யாரும் இரண்டாம் தடவை கேட்டதில்லை. ஊர் முழுக்க இதே பேச்சு. கதவு எல்லாருக்கும் 'கூடுதல், கூடுதல்' என்றே சொல்லிக்கொண்டிருந்தது. எஸ்தர் லிங்கத்துக்குப் பாராட்டுப் பத்திரம் கொடுத்தாள்.

சோறு பரிமாறும் பாடம் சோற்றோடு நிற்குமா என்று ஒருவரும் யோசிக்கவில்லை. ஒரு நாள் சவரி மொட்டைத் தலையோடு அறைக்கு வந்தான்.

"என்னல இது?"

"முடிவெட்டுற மெஷின். போதும்னேன். 'இன்னும் கொஞ்சம், கூச்சப்படாதீங்க'ன்னுச்சு. வேண்டாம்னேன். எந்திரிச்சேன். அமுக்கிடுச்சு."

லிங்கம் கட்டிலில் புரண்டு புரண்டு சிரித்தான். சவரி சிரிக்கவில்லை. "நான் வேண்டாம்னுதான் சொன்னேன்" என்று தலையைத் தடவிக்கொண்டே மறுபடி சொன்னான். லிங்கம் அதற்கும் சிரித்தான். எஸ்தரிடம் சொன்னார்கள், அடுத்த சபைக் கூட்டத்தில் பேசுவோம் என்றாள்.

அதற்குள் நூற்றெண்பதாம் நாள் வந்துவிட்டது. பூமியிலிருந்து வந்த மாணவனிடம் அன்று ஒரு கேள்வி கேட்பது வழக்கம்: இருக்கிறாயா, ஊருக்குத் திரும்புகிறாயா? அவனுடைய உரிமை அது. யாரும் வற்புறுத்தக் கூடாது என்று, கப்பல் புறப்படும் நாளின் பகலில், கப்பல் மேடையிலேயே தனியாக வைத்து இயந்திரம் கேட்கும். லிங்கம் அறுபத்திரண்டு கிலோவில், குளித்துத் தலைசீவி, மேடைக்குப் போனான். ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வந்தால் இரண்டாம் வருஷம். இரண்டாம் வருஷம் என்றால் கடல்.

"ஊருக்குப் போறீங்களா தம்பி?" என்று கேட்டது மேடை இயந்திரம்.

"இல்லை, வேண்டாம்" என்றான் லிங்கம் சந்தோஷமாக.

"அட, கூச்சப்படாதீங்க. அம்மா தேடுவாங்கல்ல."

லிங்கம் ஒரு அடி பின்னால் வைத்தான். "கூச்சமில்லை. நிஜமாத்தான் சொல்லுதேன். வேண்டாம்."

"நமக்குள்ள என்ன தம்பி" என்றது இயந்திரம். தோளில் கை விழுந்தது. இதமான கை, அம்மாவின் குரல்.

"வேண்டாம்! விடு! வேண்டாம்னு சொல்லுதேன்ல!"

இயந்திரம் சிரித்தது. கத்தினால் சிரிக்க வேண்டும். கப்பல் வாசலின் இரண்டு பக்கச் சட்டத்தையும் லிங்கம் கையால் பிடித்துக்கொண்டு மறித்தான். இயந்திரம் விரல்களை ஒவ்வொன்றாக, நோகாமல், பிரித்து எடுத்தது. இருக்கையில் உட்கார வைத்து அமுக்கியது.

சத்தம் கேட்டு எஸ்தர் மூச்சு வாங்க ஓடி வந்தாள். பின்னால் சவரி. அவள் மேடையில் இருந்த பொதுமூளையின் பதிவுப் பலகையைத் தட்டித் தட்டிப் பார்த்தாள், 'போகச் சம்மதம்' என்றே பதிவாகியிருந்தது. லிங்கத்தின் பதிலை மாற்ற அவளுக்கு அதிகாரமில்லை. செத்துப்போன பாதி ஊரின் பெயரால் போட்ட சட்டம் அது. கப்பல் கதவு மூட ஒன்பது நிமிஷம் இருந்தது.

"என்னால மாத்த முடியாது" என்றாள். "பாடத்தைப் பாடத்தாலதான் மாத்தலாம். உங்க ஊர்ல நிஜமாவே வேண்டாம்னா எப்படிச் சொல்லுவாங்க?"

"வேண்டாம்னுதான் சொல்லுவாங்க மேடம்."

"அப்போ ஒரே ஒரு சம்பவம் சொல்லு. ஒருத்தர் வேண்டாம்னார், கேட்டவங்க விட்டுட்டாங்க. ஒண்ணு போதும். உடனே ஏத்துறேன்."

இவ்வளவுதானா என்று லிங்கத்துக்கு உயிர் வந்தது. யோசித்தான். சர்க்கரை வியாதிக்காரப் பெரியப்பா, கல்யாண வீட்டில், ஜாங்கிரி வேண்டவே வேண்டாம் என்று இலையை மூடினார். ஒரு நாளைக்கு என்ன ஆகிவிடும் என்று வைத்தார்கள். பெரியப்பாவுக்கு மறுவருஷம் கால் எடுத்தார்கள். அது வேண்டாம். குடியை விட்டுவிட்ட மாமா, கோயில் கொடைத் திருவிழாவுக்கு வந்தவர், வேண்டாம் மாப்பிள்ளை என்று கையெடுத்துக் கும்பிட்டார். எனக்காக ஒரே ஒரு கிளாஸ் என்றார்கள். அதுவும் வேண்டாம். காது குத்த வேண்டாம் என்று அழுத குழந்தை, டாக்டருக்குப் படிக்க வேண்டாம் என்ற பக்கத்துவீட்டுப் பையன். தேடத் தேட வந்துகொண்டே இருந்தார்கள். எல்லாரும் தெளிவாக, நல்ல தமிழில், வேண்டாம் என்றுதான் சொல்லியிருந்தார்கள்.

"அஞ்சு நிமிஷம்" என்றான் சவரி.

"எங்க அக்கா" என்றான் லிங்கம். அவன் குரல் மாறிவிட்டது. "வடிவு அக்கா. கல்யாணம் வேண்டாம்னு சொன்னா. மேல படிக்கணும்னா."

அடுப்படியில் வைத்து முதல் தடவை சொன்னாள். வெட்கப்படுகிறாள் என்று சித்திமார் சிரித்தார்கள். அப்பாவிடம் சொன்னாள், எல்லாப் பெண்ணும் முதலில் அப்படித்தான் சொல்லும் என்றார். பரிசம் போடுகிற அன்று லிங்கத்தின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, 'நீயாவது சொல்லுல, எனக்கு வேண்டாம்னு' என்றாள். அவனுக்குப் பதினைந்து வயது. 'சும்மா பிகு பண்ணாதேக்கா' என்று கையை உதறிக்கொண்டு பந்தி பரிமாற ஓடினான்.

"எத்தனை தடவை சொன்னாங்க?" என்று எஸ்தர் அவசரமாகப் பலகையில் விரலை வைத்தாள்.

"மூணுக்கு மேலயே சொன்னா மேடம்."

"நல்லது. ரொம்ப நல்லது. அப்புறம்? விட்டுட்டாங்களா?"

விட்டுவிட்டார்கள் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். கடல், இரண்டாம் வருஷம், எல்லாம் அந்த ஒரு வார்த்தையில் இருந்தது. லிங்கம் வாயைத் திறந்தான். அக்காவைப் பற்றி யார் கேட்டாலும் ஏழு வருஷமாக அந்த வீட்டில் எல்லாரும் சொல்லும் பதில் ஒன்று உண்டு. வாய் அதைத்தான் சொன்னது.

"நல்லபடியா கட்டிக் குடுத்தாச்சு மேடம்."

எஸ்தருக்கு அது என்னவென்று முழுசாகப் புரியவில்லை. ஆனால் பலகைக்குப் புரிந்தது. புதிய பாடம் இல்லை, பழைய பாடமே என்று காட்டியது. அவள் விரலை எடுத்துக்கொண்டாள். சவரி வாசலில் நின்று அவனையே பார்த்தான். "நீ வேண்டாம்னுதானே சொன்னே" என்றான். கதவு மூடிக்கொண்டது.

லிங்கம் ஓவென்று அழுதான். இயந்திரம் அவன் இடுப்பில் பெல்ட்டை மாட்டி, சரியாக இருக்கிறதா என்று இழுத்துப் பார்த்தது.

"அழாதீங்க தம்பி" என்றது, அம்மாவின் குரலில். "எல்லாரும் போகும்போது அழத்தான் செய்வாங்க. போகப் போகப் பழகிடும்."